பச்சைப் பொட்டு

அரிசியில் பூச்சி விழுந்தால் எல்லாரும் முறத்தில் கொட்டி வெயிலில் வைப்பார்கள். நானும் வைப்பேன். ஆனால் அதற்கு முன்னால் அது என்ன பூச்சி என்று ஒருமுறை பார்த்துவிடுவேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பெயர் தெரியாமல் எதையும் வெளியே தள்ளுவது எனக்குப் பிடிக்காது.

கோவிந்தராஜன் சார், இதைத் தமிழில் எழுதுகிறேன். பூச்சி ஆர்வலர் சங்கத்தின் விசாரணைக் குழுவில் மூன்று பேர் இருந்தாலும் தமிழ் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். மற்ற இருவருக்கும் நீங்களே மராத்தியில் சொல்லிவிடுங்கள். இருபத்திரண்டு வருடமாகப் புனேயில் இருக்கிறேன். என் மராத்தி காய்கறிக்காரரிடம் செல்லும், வாட்ச்மேனிடம் செல்லும். இந்த விஷயத்துக்கு அது பத்தாது.

உங்கள் அறிக்கையை நேற்றுப் படித்தேன். என் கணவர் ரவிசந்திரன் அதைச் சாப்பாட்டு மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு ஆபீசுக்குப் போயிருந்தார். நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். தேதி, மண்டபம், கூட்டம், குழந்தையின் வயது, எதிலும் குறை இல்லை. நான்காம் பக்கத்தில் மட்டும் ஒரு வரி: "நீண்ட அனுபவமுள்ள ஒருவருக்கு நேர்ந்த அடையாளப் பிழை." சங்க ஆபீசில் விசாரித்த அன்று, "யானைக்கும் அடி சறுக்கும்" என்று சொல்லி நீங்கள் அவர் தோளைத் தட்டினீர்களாம். வீட்டுக்கு வந்து கண் கலங்கச் சொன்னார். அந்த ஒரு வரி தப்பு. அதைத் திருத்தத்தான் இந்தக் கடிதம்.

அவரை இந்த ஊரில் தெரியாதவர் இல்லை. எங்கள் அடுக்குமாடிச் சொசைட்டிக் குழந்தைகளுக்கு அவர் பதங்கக் காகா. மராத்தியில் அந்துப்பூச்சிக்குப் பதங்க் என்று பெயர். பட்டாம்பூச்சிக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த ஜனங்களை, டியூப்லைட்டுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சாம்பல்நிறப் பூச்சியையும் நின்று பார்க்கவைத்தவர் என்று பேப்பரில் எழுதினார்கள். அது உண்மைதான். அவர் பேசினால் கூட்டம் வாய் பிளந்து கேட்கும். என்ன பேசவேண்டும் என்பதை மட்டும் நான் எழுதிக் கொடுப்பேன்.

நான் கோயம்புத்தூரில் விலங்கியல் எம்.எஸ்ஸி. படித்தவள். அந்தப் படிப்பு கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் ஒருமுறை அச்சானதோடு சரி. ஊரடங்கு மாதங்களில்தான் பால்கனிச் சுவருக்கு வருகிற அந்துப்பூச்சிகளைப் படம் எடுக்க ஆரம்பித்தேன். என் போனில் கேமரா சரியில்லை. அவர் போனில் எடுத்தேன். பொதுமக்கள் பூச்சிப் படங்களைப் போடுகிற தளம் ஒன்று இருக்கிறதல்லவா, அதில் கணக்கு அவர் பெயரில் தொடங்கியது அப்படித்தான். யார் வேண்டுமானாலும் படம் போடலாம். தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள். இரண்டு பேர் ஒரே பெயரைச் சொன்னால் அது ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளத் தக்க பதிவாகிவிடும். நான் மற்றவர்கள் போடும் படங்களுக்கும் பெயர் சொல்லத் தொடங்கினேன். மதியம் சமையல்கட்டைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தால் நான்கு மணிவரை அதுதான் வேலை. ஐந்து வருடத்தில் பதினோராயிரம் பூச்சிகளுக்குப் பெயர் சொல்லியிருக்கிறேன். அத்தனையும் அவர் பெயரில் இருக்கின்றன.

ஒரே ஒருமுறை கேட்டேன்.

"ஏனுங்க, நான் தனியா ஒரு கணக்கு ஆரம்பிச்சுக்கட்டுங்களா?"

"எதுக்கு மங்கை? ஒரே வீட்டுல இருந்து ரெண்டு பேரு ஒரே பேரைச் சொன்னா கூட்டுக்களவாணின்னு சொல்லிருவாங்க. உன்னுது என்ன, என்னுது என்ன, எல்லாம் ஒண்ணுதான?"

அதில் நியாயம் இருந்தது. நான் நியாயத்துக்குக் கட்டுப்படுகிறவள்.

விடிகாலையில் கசார்வாடியில் பழைய ஹைவே ஓரப் பட்டறைகளுக்குப் போவேன். இரவெல்லாம் விளக்கெரிந்த சுவர்களில், காக்கை குருவி வந்து பொறுக்குவதற்கு முன்னால் பார்த்துவிட வேண்டும். அப்படி ஒரு லேத் பட்டறைச் சுவரில்தான், இந்தப் பக்கத்தில் அதுவரை யாரும் பதிவு செய்யாத ஒன்று கிடைத்தது. சுண்டுவிரல் நகத்தளவுகூட இருக்காது. மூன்று வாரம் உட்கார்ந்து அது இன்னதுதான் என்று கண்டுபிடித்தேன். கட்டுரை வெளிவந்தபோது அதில் இரண்டு பெயர்கள் இருந்தன, அவருடையதும் ஒரு பேராசிரியருடையதும். கடைசியில் நன்றி என்று போட்டுப் பட்டறைக்காரர் பெயரையும் அச்சடித்திருந்தார்கள், சுவருக்காக. நோகாமல் நுங்கு தின்பது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். பட்டறைக்காரர் நல்ல மனிதர், போகும்போதெல்லாம் டீ வாங்கிக் கொடுப்பார்.

இதற்கெல்லாம் நான் கோபப்பட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஜூன் மாதத்தில் தளேகாவில் ஒரு கூட்டம் நடந்தது. அவர் மேடையில் இருந்தார், நான் கீழே. யாரோ ஒரு பெண், வீட்டில் இவ்வளவு புழு வளர்க்கிறீர்களே, உங்கள் மனைவி எப்படிச் சமாளிக்கிறார் என்று கேட்டாள். அவர் இந்தியில் சொன்னார்: அவளுக்குக் கரப்பான்பூச்சியைப் பார்த்தாலே சோபாமேல் ஏறி நிற்கவேண்டும், நான் டப்பாவை எடுத்தால் அவள் அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். மண்டபமே சிரித்தது. பக்கத்து நாற்காலிக்காரி என்னைத் திரும்பிப் பார்த்ததால் நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்போது எனக்கு வயிறு எரிந்தது. இத்தனை வருடத்தில் அப்படி எரிந்ததில்லை.

காரில் வரும்போது அவரே ஆரம்பித்தார்.

"ஒரு தமாசுக்குச் சொன்னதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டா எப்படி? எல்லாருஞ் சிரிச்சாங்கல்ல?"

"சிரிச்சாங்க."

"அப்பறமென்ன?"

அதற்குமேல் ஒன்றும் இல்லைதான். வீட்டுக்கு வந்து தோசை வார்த்தேன்.

இப்போது டப்பாக்களைப் பற்றிச் சொல்லவேண்டும். உங்கள் அறிக்கையில் "நிறக் குறியீடு" என்று கௌரவமாக எழுதியிருக்கிறீர்கள். அது என் ஸ்டிக்கர் பொட்டுதான். பொட்டு அட்டையில் சிவப்புதான் சீக்கிரம் தீரும், பச்சை மிஞ்சிப்போகும். கம்பளிப்பூச்சி வளர்க்கும் டப்பா மூடியில், தொடக்கூடாததற்குச் சிவப்புப் பொட்டும் தொட்டால் ஒன்றும் செய்யாததற்குப் பச்சைப் பொட்டும் ஒட்டிவைப்பேன். எல்லாக் கம்பளிப்பூச்சியும் அரிக்காது என்று ஜனங்களுக்குக் காட்டுவதற்காக, அவர் மேடையில் ஒன்றை எடுத்துத் தன் கன்னத்தில் ஊரவிடுவார். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போகும். அவர் புழுவைப் பார்த்து எடுப்பதில்லை, பொட்டைப் பார்த்துத்தான் எடுப்பார்.

இந்த ஏற்பாடு தெரிந்த மூன்றாவது ஆள் மீனு. எங்கள் எதிர்வீட்டு ராஜஸ்ரீயின் மகள், மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டதும் நேராக எங்கள் பால்கனிக்கு வந்துவிடுவாள். சென்னைக்காரக் குடும்பம் என்றாலும் குழந்தைக்குத் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும்.

"ஆன்ட்டி, இது கிரீன் பொட்டு. மே ஐ... தொடட்டுமா?"

"தொடு கண்ணு. முதுகுல தொடு, தலையில வேண்டாம்."

"ரெட் பொட்டு?"

"ரெட்டுன்னா கண்ணால மட்டும் பாக்கணும்."

ஒருமுறைகூட அவள் தப்பாகத் தொட்டதில்லை. அவ்வளவு ஒழுங்கான குழந்தை.

ஜூலைக் கடைசி வாரம் உலகமெங்கும் அந்துப்பூச்சி வாரம். ஞாயிற்றுக்கிழமை காலை பிம்ப்ரியில் ஒரு பள்ளி மண்டபத்தில் அவர் பேச்சு. எடுத்துப்போக ஆறு டப்பாக்கள். அதில் இரண்டு, ஆமணக்கு இலை தின்கிற கரிய கம்பளிப்பூச்சிகள். ஒன்றுக்குத் தலை சிவப்பு, அது சாது. மற்றதற்கு முதுகில் சிவப்புக் கோடு, அது சாது இல்லை. அதற்குத் தமிழில் தனிப் பெயர் இல்லாததால் மஞ்சள்வாலி என்று என் நோட்டில் குறித்திருக்கிறேன். வளர்ந்தபின் அந்தப் பூச்சிக்கு வால்பக்கம் மஞ்சளாக இருக்கும். ஒரு கை தூரத்திலிருந்து பார்த்தாலே இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும். பார்க்கத்தான் வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிவிட்டு, மஞ்சள்வாலி டப்பாவிலிருந்த சிவப்புப் பொட்டை எடுத்தேன். பச்சையை ஒட்டினேன். ஆறில் பச்சைப் பொட்டு வைத்திருந்த ஒரே டப்பாவான சிவப்புத் தலையனுடையதை வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். இரண்டு நிமிட வேலை.

மேடையில் நாலு பேருக்கு முன்னால் அவர் கன்னத்தைச் சொறியவேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். இரண்டு நாள் தடிப்பு இருக்கும், அப்புறம் போய்விடும். ஆனால் முழுதாகச் சொல்வதென்று உட்கார்ந்தபின் பாதியில் நிறுத்துவது சரியில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு சிவப்புப் பொட்டு டப்பா கைதவறித் திறந்து அவர் மணிக்கட்டில் பட்டது. உதடு வீங்கி, மூச்சு இழுத்து, ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். அடுத்த தடவை தொண்டை அடைத்துக்கொள்ளலாம், உடனே ஊசி போடாவிட்டால் ஆபத்து என்று டாக்டர் சொன்னதை நான்தான் கேட்டுக்கொண்டேன். அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அந்த ஊசி என் கைப்பையில்தான் இருக்கும். பிம்ப்ரிக்கு நான் வேறு கைப்பையை எடுத்துக்கொண்டு போனேன். புடவைக்கு அதுதான் பொருத்தமாக இருந்தது.

மண்டபத்தில் நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ராஜஸ்ரீயும் மீனுவும் முன்வரிசையில். அன்றைக்குப் பார்த்து டிவிக்காரர்கள் கேமராவோடு வந்திருந்தார்கள். அவருக்கு அதைக் கண்டதும் புதிதாக ஒன்று செய்யவேண்டும் என்று தோன்றிவிட்டது. தன் கன்னத்துக்குப் பதிலாக, தைரியசாலிக் குழந்தை யாராவது மேடைக்கு வாருங்கள் என்றார். மீனு ஓடினாள். டப்பா மூடியைப் பார்த்துவிட்டு மைக்கில், "கிரீன் பொட்டு. ஸேஃப்," என்றாள். எல்லாரும் கைதட்டினார்கள்.

அப்புறம் அவர் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் பேசினார். பயம் அறியாமையிலிருந்து வருகிறது என்கிற அந்தப் பகுதி. நான் எழுதிக் கொடுத்ததுதான், அதனால் எவ்வளவு நேரம் என்று தெரியும். ஒரு நிமிடம் என்பது நீளமானது. எழுந்து நிற்கலாம், ஒரு வார்த்தை சொல்லலாம், நடந்து மேடைக்கே போய்விடலாம். என்னால் முடியாமல் இல்லை. நான் அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டப்பாவுக்குள் ஒருமுறை குனிந்து பார்த்தாரானால் சிவப்புக் கோடு தெரிந்துவிடும். ஐந்து வருடம் என் பூச்சிகளோடு இருந்ததில் இதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க நினைத்தேன். அவர் கேமராவைப் பார்த்தார். நான் எழுந்து கத்தியிருந்தால்தான் என்ன, பூச்சிக்குப் பயப்படுகிற பெண்டாட்டி கத்துகிறாள் என்று மறுபடி சிரித்திருப்பார்கள்.

அவர் அதை அவள் முன்கையில் விட்டார். வீடியோக்களில் அவர் செய்வதைப் பார்த்திருந்ததால் அவள் தானாகவே கையைக் கன்னத்தோடு ஒட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கண்ணைக் கசக்க ஆரம்பித்தாள்.

அந்தக் கம்பளிப்பூச்சியின் நீண்ட முடி ஒன்றும் செய்யாது. அதற்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத குட்டை முடிகள் உண்டு. கண்ணுக்குள் போனால் அவை முன்னோக்கி நகருமே தவிரப் பின்வாங்காது. முதல் இரண்டு மூன்று நாட்களில் தேடிப்பிடித்து எடுத்துவிட்டால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். இதை நான் நான்கு வருடத்துக்கு முன்னாலேயே படித்திருக்கிறேன். அன்று சாயங்காலம் கண் டாக்டர், புழு எந்த வகை என்று கேட்டபோது என் கணவர், "அது ஒண்ணுமே செய்யாத வகை டாக்டர், நானே எத்தனையோ தடவ மூஞ்சில விட்டிருக்கேன்," என்றார். தூசி விழுந்திருக்கும் என்று சொட்டுமருந்து எழுதிக்கொடுத்து அனுப்பினார்கள். நான் ராஜஸ்ரீக்குப் பக்கத்தில்தான் பெஞ்சில் இருந்தேன். டாக்டர் என்னைக் கேட்கவில்லை.

ஒன்பது நாள் அப்படிப் போனது. எதிர்வீட்டில் மீனு அழுவது எங்கள் ஹாலில் கேட்கும். நான் ரசம் வைத்து, சாதம் குழைய வடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு சொல்லில் முடிகிற காரியம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சொல்லைச் சொன்னால் பொட்டு யார் ஒட்டியது என்று கேள்வி வரும். பத்தாம் நாள் வேறொரு பெரிய ஆஸ்பத்திரியில்தான் முடிகளைப் பார்த்தார்கள். மூன்று ஆபரேஷன் ஆகிவிட்டது. இடது கண்ணில் இப்போது வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரிகிறது.

ராஜஸ்ரீ என்னைக் கட்டிக்கொண்டு, "அவரு பண்ணதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்கக்கா," என்று அழுதாள். இதிலும் பெயர் அவருக்குத்தான்.

நீங்கள் மூவரும் வீட்டுக்கு வந்து விசாரித்தபோது, பொட்டு ஒட்டியது யார் என்று அவரைக் கேட்டீர்கள். நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன், என்னை ஒருமுறை பார்த்தார். என் மனைவிதான் என்று சொன்னால் பதினோராயிரம் பெயர்களும் கட்டுரையும் ஒரே நாளில் கையைவிட்டுப் போகும். "நானேதான்," என்றார். நான் டப்பாவைக் குழப்பிவிட்டதாகத்தான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார், அதற்கே ஒரு நாளும் என்னைத் திட்டவில்லை. நீங்கள் என்னிடம் டீக்குச் சர்க்கரை குறைவாக வேண்டும் என்று சொன்னீர்கள். வேறு எதுவும் கேட்கவில்லை.

ஆகவே சார், உங்கள் யானை அன்றைக்கு மேடையில் இல்லை, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தது. அதற்கு அடி சறுக்கவும் இல்லை. பார்த்துத்தான் வைத்தது.

முந்தாநாள் லிஃப்டில் மீனுவைப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். ராஜஸ்ரீ போனில் இருந்தாள். குழந்தை என் புடவையைப் பிடித்து இழுத்தது.

"ஆன்ட்டி, அது நெஜமா என்ன புழு? அங்கிளுக்குத் தெரியலையாம். உங்களுக்குத் தெரியுமா?"

நடந்ததற்குப் பிறகு இதை என்னிடம் கேட்டவள் அவள் ஒருத்திதான். நான் குனிந்து மெதுவாகச் சொன்னேன். மஞ்சள்வாலி என்றேன், என்ன இலை தின்னும், எத்தனை நாளில் கூடு கட்டும், எப்படிக் கண்டுபிடிப்பது, எல்லாம். அவள் இடப்பக்கம் தலையைத் திருப்பி, நல்ல கண்ணால் என்னைப் பார்த்துக் கேட்டுக்கொண்டாள்.

"முதுகுல ரெட் லைனா? அப்போ அது ரெட் பொட்டுதானே ஆன்ட்டி?"

"ஆமா கண்ணு. ரெட்டுதான்."

சரியாகச் சொன்னாள். இவ்வளவு பேர் விசாரித்து எழுதாததை அந்தக் குழந்தை ஆறு மாடி இறங்குவதற்குள் சொல்லிவிட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது. நல்லபடியாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

போலீசுக்குக் கொடுப்பதானால் கொடுங்கள், நான் வீட்டில்தான் இருப்பேன். நான்காம் பக்கத்தைத் திருத்திவிட்டுக் கொடுங்கள். பிழை என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். நான் யாருக்கும் எதற்கும் தப்பான பெயர் சொன்னதில்லை. செய்தது யார் என்று எழுதுகிற இடத்தில் மங்கையர்க்கரசி என்று போடுங்கள். பக்கத்தில் அவர் பெயர் வேண்டாம்.